தண்ணீருக்குள் நின்ற கம்பு

என் மகள் கல்லூரியிலிருந்து தீவு பார்க்கப் போய்விட்டு இன்று மத்தியானம் திரும்பினாள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. செருப்பு சுத்தமாக இருந்தது.

சுத்தமான செருப்பைப் பார்த்து எந்த அப்பனாவது பயப்படுவானா என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன், பிள்ளைகளே.

அவள் படிக்கிற படிப்பைத்தான் ஒரு காலத்தில் நானும் படித்தேன். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில், இயற்கை வளமும் பாதுகாப்பும் என்று ஒரு டிப்ளமோ. பெரிய மார்க்கெல்லாம் கிடையாது. அதனால்தான் இந்த மளிகைக் கடை. உடன்குடியிலிருந்து கருப்பட்டி வாசத்தோடு வந்து சேர்ந்தவன் நான்; கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. முத்துச் சிப்பிப் பாடம் நடந்த அன்று, "யாராவது முத்தைப் பாத்திருக்கீங்களா?" என்று சார் கேட்டார். ஊருக்குப் பேர் முத்துநகர். ஒருவரும் கை தூக்கவில்லை, நான் மட்டும் தூக்கினேன். அத்தையின் தோட்டில் பார்த்திருந்தேன். அது பிளாஸ்டிக் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வகுப்பறைக்கென்று ஒரு வாசம் உண்டு. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் சுவரிலிருந்து சுண்ணாம்பு உரிந்து பெஞ்சில் விழும். ஒருநாள், என் பக்கத்தில் உட்காரும் சிலுவை, உதிர்ந்த இடத்துக்குள் விரலை விட்டு ஒரு கல்லைக் காட்டினான். கல் முழுக்கப் பூப்பூவாய்ச் சின்ன ஓட்டைகள். பவளப்பாறை! முன்பெல்லாம் அதைக் கடலிலிருந்து வெட்டிவந்து சுவரும் வைத்தார்கள், சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள்.

"ஏலே, கடலலைய மறிச்சு வேலியா நின்ன கல்லு இது. இதுக்குள்ள உக்காந்துதான் கடலைக் காப்பாத்தப் படிக்கோம்," என்றான் சிலுவை.

எல்லோரும் சிரித்தோம். அந்த வயதில் எதற்கும் சிரிப்பு வரும்.

சிலுவை மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. அவன் அப்பாவின் வள்ளத்தில்தான் வருடத்துக்கு ஒருமுறை எங்களைத் தீவுக்குக் கூட்டிப்போவார்கள். தீவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மணல், கொஞ்சம் புதர், அவ்வளவுதான். ஒரு சுற்று நடந்தால் செருப்பெல்லாம் வெள்ளை மணலும் நொறுங்கிய பவளமும் அப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து உதறி மாளாது.

"வாடைக்காத்து அடிச்சா இதுக்குப் பின்னாலதாம்ல வந்து ஒதுங்குவோம். இதான் எங்களுக்கு நடுக்கடல் வீடு," என்பார் சிலுவையின் அப்பா.

அங்கே எங்கள் படிப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில், தண்ணீர் வந்து தொடுகிற விளிம்பில் ஒரு கம்பை நட்டு, அடையாளத்துக்குத் துணி கட்டிவிட்டு வர வேண்டும். அடுத்த வருடம் வருகிறவர்கள் அந்தக் கம்பை வைத்துக் கரை நகர்ந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

முதல் வருடம் நாங்கள் போனபோது, சீனியர்கள் நட்ட கம்பு தண்ணீருக்குள் நின்றது.

"ஏலே, எங்கன கொண்டு போயி நட்டிருக்கானுவ பாரு!"

"கரை எது, கடல் எதுன்னு தெரியாத பயலுவ!"

சாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வாந்தி எடுத்து வள்ளத்திலேயே படுத்திருந்தார். நாங்கள் அளக்கவில்லை. கம்பைப் பிடுங்கி எறிந்தோம். புதுக் கம்பை ஈர மணலில் ஒழுங்காக நட்டு, என் பழைய சிவப்புத் துண்டைக் கிழித்துக் கட்டினோம். அந்தச் சீனியர்களும் தங்களுக்கு முந்தியவர்களின் கம்பை இப்படித்தான் பிடுங்கி எறிந்தார்களாம். அவரவருக்கு முன்னால் படித்தவர்கள் அவரவருக்கு மடையர்கள்.

மறுவருடம், அதே போல் கடல் வற்றிய நேரம் பார்த்துப் போனோம். தூரத்திலேயே சிவப்புத் துணி தெரிந்தது. கம்பைச் சுற்றி அலை அடித்துக்கொண்டிருந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "அண்ணாச்சிமாரு தண்ணிக்குள்ள முங்கிப் போயி நட்டாங்களோ?"

சிலுவை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினான். "நாமதானல நட்டோம்? ஈர மணல்லதான நட்டோம்?"

அது என் துண்டு. எனக்குத் தெரியாதா?

ஒருவன் கம்பைப் பிடுங்கப் போனான். சிலுவை தண்ணீருக்குள் ஓடிப்போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "தொடாதல! கம்பு சரியாத்தான் நிக்கி. கரைதாம்ல போயிட்டிருக்கு!"

சிரிப்பு நின்றுவிட்டது. வள்ளத்தில் நின்ற அவன் அப்பா, கம்பையும் தீவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ நாங்க எங்கன ஒதுங்கதுக்கு?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் பழைய கம்புகளைப் பிடுங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வருடத்துக்கு ஒன்றாகக் கடலுக்குள் கம்புகள் வரிசையாக நின்றனவாம். நான் கடை வைத்து, கல்யாணம் முடித்து, மகள் பிறந்து, அந்தப் பக்கம் போகவே இல்லை. சிலுவைக்கும் படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. அப்பாவுக்குப் பின் வள்ளம் அவன் கைக்கு வந்தது.

"தீவுல எந்தப் பக்கம்ளா இறங்குனீங்க?" என்று மகளைக் கேட்டேன்.

"எங்க இறங்க? போட்டை நிறுத்தி, இங்கனதான் தீவு இருந்துச்சுன்னு மேடம் தண்ணியக் காட்டுனாங்க. எல்லாரும் போட்டோ எடுத்தோம்."

"கம்பு ஏதும் தெரிஞ்சுதா?"

"எந்தக் கம்புப்பா?"

அவள் கரை ஏறிய பிறகு வாடை கிளம்பியிருக்கிறது. கடை வாசலில் தொங்கும் சிப்ஸ் சரங்கள் சாய்ந்தபடியே நிற்கின்றன, நிமிரவே இல்லை. சிலுவை நேற்றுக் கடலுக்குப் போனவன், இன்னும் கரை திரும்பவில்லை. அவன் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

மகளின் செருப்பை எடுத்துக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டு மணல் விழவில்லை.