ஓட்டுச் சில்லில் ஒரு மனு

வெங்கடாசலம் சாரை இப்போது நினைத்தாலும் எனக்கு அலுப்பு தட்டும். அவ்வளவு அலுத்துப்போன மனிதர். சித்தேரிக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் அவர் சரித்திர வாத்தியார், நான் கணக்கு. அவர் மனைவி பொம்மிடியில் இழுப்பு நோயோடு தனியாகக் கிடந்தார். சனிக்கிழமை மலையிறங்கி, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி வருவார் சார். பதினோரு வருஷமாக மே மாதந்தோறும் மாற்றல் கேட்டு மனு போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

எண்பத்தாறில் ஒரு மத்தியானம் எட்டாம் வகுப்பில் கிரேக்கர்களை நடத்தினார். மூவாயிரம் வருஷத்து ஜனங்களை நாற்பது நிமிஷத்தில் ஓட்டியாக வேண்டும். ஏதென்ஸில், ஊரைவிட்டு யாரை அனுப்பலாம் என்று ஜனங்கள் பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள், அதிக ஓடுகளில் பெயர் வந்த ஆள் பத்து வருஷம் வெளியே போயாக வேண்டும் என்றார். பிள்ளைகள் தூங்கி வழிந்ததால், நாமும் போட்டுப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார். சத்துணவு சமைக்கும் மாதம்மாள் தன் உடைந்த தண்ணீர்ப் பானையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கரியால் எழுதிய சில்லுகள் மேஜையில் குவிந்தன. முதல் சில்லைச் சத்தமாகப் படித்தார்: வெங்கடாசலம். அடுத்ததைப் பார்த்தார், படிக்கவில்லை. எல்லாவற்றிலும் அவர் பெயர்தான். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வகுப்பிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். பதினோரு வருஷம் உழைத்ததற்கு இதுதானா என்று பிள்ளைகள் மேல் கோபம் கோபமாக வந்தது.

வாசலில் நின்ற மாதம்மாள்தான் பேசினாள். "கோவிச்சுக்காதீங்க சார். ஊட்டுக்காரம்மாவுக்கு முடியலன்னு வருசா வருசம் மனு போடறீங்க, ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான். எல்லாரும் எழுதுனா அனுப்பியே ஆவணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. எனக்கு எழுதத் தெரியாது, கோவிந்தன் மவளை எழுதச் சொல்லி நானும் ஒண்ணு போட்டனுங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சில்லுகளைத் துண்டில் முடிந்து பொம்மிடிக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினாராம். அந்த மே மாதமும் மனு போட்டார்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று, அதே முதல் பஸ்ஸிலிருந்து, அதே பையோடு இறங்கினார். அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த மாதம்மாளின் முகம் விழுந்துவிட்டது. அத்தனை பேர் எழுதியும் போதவில்லையா என்று கேட்டாள்.

"ஏதென்ஸ் சட்டப்படி ஆறாயிரம் பேர் எழுதணும்மா," என்றார் சார். "அன்னிக்கு அவசரத்துல அதைச் சொல்ல விட்டுட்டேன்."

மாதம்மாள் சுள்ளிக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நம்மூருல அத்தன சனமே இல்லீங்களே சார்."