விபூதியில் தெரிந்த முத்திரை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, பழைய கரண்டி, முள்கரண்டிகளின் பின்புறம் குத்தியிருக்கும் முத்திரைகளைப் படிப்பது. ஜார்ஜ்டவுனில் பழம்பொருள் விற்கும் சீனக் கடைக்காரர்கள் ஏழு பேர் இன்று கைப்பேசியில் படம் அனுப்பி என்னிடம்தான் கேட்கிறார்கள். இதில் எனக்குக் கர்வம் உண்டு. நான்கு கட்டங்களில் நான்கு எழுத்து இருந்தால் வெள்ளி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவை இ, பி, என், எஸ் என்றிருந்தால் உள்ளே இருப்பது நிக்கல் கலவை, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான். இங்கிலாந்து வெள்ளி என்றால் நடக்கும் சிங்கத்தின் உருவம் ஒன்று இருக்க வேண்டும். இதைச் சொல்லி எத்தனையோ பேர் முகத்தை வாடவைத்திருக்கிறேன்.

ஆனால் என் வீட்டுப் பூஜையறையில் இருந்த கரண்டியை மட்டும் நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. அது என் மாமனாருடையது. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவருக்கு வெள்ளைக்கார துரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக் கொடுத்த வெள்ளி என்று, கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி சொல்லிவருகிறாள். அந்த நான்கு எழுத்து இருந்து தொலைத்தால்? பார்க்காமல் இருப்பதே நல்லது என்று இருந்துவிட்டேன்.

இந்த வருடம் மகளின் குழந்தைக்குக் கோயிலில் முதல் சோறு ஊட்ட ஏற்பாடானது. அந்தக் கரண்டியால்தான் ஊட்ட வேண்டும் என்றாள் மனைவி. அன்று காலை புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து இறங்கிய மகளின் மாமியார், கரண்டியைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் அசைத்தார்.

“நிக்கலா இருக்கும்லா, அண்ணி. கிராணிக்கெல்லாம் தொர வெள்ளியத் தூக்கிக் குடுத்துருவானா? அவன் என்ன ஒங்களுக்குத் தாய்மாமனா?”

மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது.

“வீட்டுலயே ஆள் இருக்காரு. ஊர்ல இருக்கிற கரண்டி எல்லாத்தையும் பாத்துச் சொல்றாரு. என்னங்க, இதையும் பாத்துச் சொல்லுங்க.”

“கோயிலுக்கு நேரமாச்சு” என்றேன்.

“சாமி எங்கயும் போயிடாது. பாருங்க.”

பூதக்கண்ணாடியை எடுத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் துலக்கித் துலக்கி, முத்திரை தேய்ந்து போயிருந்தது. விளக்கடியில் எப்படித் திருப்பினாலும் ஒன்றும் தெரியவில்லை. மனைவி அசையாமல் நின்றாள். கடைசியில் அந்த விபூதியையே எடுத்துப் பின்புறம் அழுத்தித் தடவினேன். துண்டின் நுனியை விரலில் இறுக்கிச் சுற்றி ஒரே இழுப்பாகத் துடைத்தேன். மேலே இருந்த விபூதி போய், பள்ளத்தில் இருந்தது மட்டும் வெள்ளையாகத் தங்கியது.

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது எங்காவது இருக்குமோ என்று மறுபடி எண்ணினேன். மூன்றுதான். இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து ஒன்று, தொண்ணூறு என்ற எண் ஒன்று, ஒரு சீன எழுத்து.

“வெள்ளிதான். நூத்துக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி” என்றேன். என் குரல் எனக்கே சற்று உரக்கக் கேட்டது.

சம்பந்தியம்மா விடவில்லை. “இங்கிலாந்துன்னு போட்டிருக்கா, அண்ணே?”

மழுப்பியிருக்கலாம். ஆனால் முத்திரை சொல்வதை நான் மாற்றிச் சொன்னதில்லை. “இல்ல. சீனத் தட்டான் செஞ்சது. இங்கயே செஞ்சிருக்கலாம்.”

மனைவி கரண்டியை வாங்கி, வெள்ளையாகத் தெரிந்த அந்த மூன்றையும் பார்த்தாள். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் பயந்தேன். அவள் நிமிர்ந்தாள்.

“கப்பல்ல வந்திருந்தா, கடையில கெடந்த பத்துல ஒன்னு. இங்க செஞ்சதுன்னா, எங்கப்பாவுக்குன்னே சொல்லிச் செஞ்சது.”

அதற்கு முத்திரை எதுவும் கிடையாது. நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

கோயிலில் குழந்தை முதல் வாய்ச் சோற்றைத் துப்பியது. இரண்டாவது வாய்க்குக் கரண்டியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சம்பந்தியம்மா சொல்லிக்கொண்டிருந்தார்:

“எங்க சம்பந்தி வீட்டு வெள்ளி. அவங்கப்பாவுக்குன்னே சொல்லிச் செஞ்சது. அண்ணன்தான் பாத்துச் சொன்னாரு.”

நான் அப்படிச் சொல்லவே இல்லை. திருத்துவதற்கு வாயெடுத்தேன். என் மனைவி நின்ற நிமிர்வைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நானும் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.