எல்லோருக்கும் ஒரு சொட்டு

வீட்டு முதலுதவிப் பெட்டியை இன்றும் இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்துவிட்டு, கெட்டுப்போயிருக்குமோ என்ற கவலையில் டிஞ்சர் புட்டியைத் திறந்தேன். கெலவரப்பள்ளி அணைத் தண்ணீருக்குள் போய்விட்ட எங்கள் பழைய வீட்டின் வாசனை எழுந்தது. அங்கே ஒரு பிஸ்கட் டப்பாதான் மருந்துப் பெட்டி. அதன் மூடி கிறீச்சிட்டாலே கடைக்குட்டித் தம்பி குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். ஒரு நாள் கீழே விழுந்து முழங்காலில் ரத்தம் வழிந்தும் அவன் வெளியே வரவில்லை.

“எரியும், வேணாம்மா!”

“இன்னிக்கு எல்லாருக்கும் வெக்கிறேன்டா. பெரியவனே, மொதல்ல நீ கையக் காட்டு,” என்றாள் அம்மா.

காயமே இல்லாத நாங்கள் ஐந்து பேரும் வரிசையாகக் கை நீட்டி, எரியாமலேயே கூரை அதிரக் கத்தினோம். கேழ்வரகுக் காட்டிலிருந்து வந்த அப்பாவும் மண் கையைத் துடைத்து நீட்டி, “அய்யோ, செத்தேன்!” என்று அலறினார்.

குதிருக்குப் பின்னாலிருந்து, சிரிப்புச் சத்தத்தோடு, ஒரு கால் மெல்ல வெளியே நீண்டது.