எட்டாவது இன்புட்

இது நடந்த கதை. நம்பாதவர்கள் செமோர் ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். பழைய ரப்பர் ஃபேக்டரிக்குள் அந்த பிரஸ் இன்னும் நிற்கிறது. கூட வரச் சொல்லி நாச்சியப்பனை மட்டும் கூப்பிடாதீர்கள்.

அங்கே இப்போது பழைய அட்டைப்பெட்டிகளை அமுக்கிக் கட்டுகிறார்கள். பிரஸ் மட்டும் ரப்பர் காலத்தது. அதற்குப் புது கண்ட்ரோலர் மாட்ட நாச்சியப்பன் வந்திருந்தான். குழாய் வேலைக்குக் கூட்டாளி யுகேந்திரன்.

கண்ட்ரோலர் என்பது வேறொன்றுமில்லை. ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் பெரட்டில், மேஸ்திரியான தண்டல் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாரே, அதேதான். முன்கதவு மூடியிருக்கிறதா? எண்ணெய் அழுத்தம் சரியா? பட்டன் அமுக்கியாயிற்றா? ஒவ்வொரு இன்புட்டாகக் கேட்கும். எல்லாம் சரி என்றால்தான் வால்வுக்கு மின்சாரம் போகும். வால்வு திறக்கும், எண்ணெய் பாயும், மேலே இருக்கும் இரும்புப் பலகை இறங்கும்.

ஏழு இன்புட்டுக்கு வயர் கொடுத்தாயிற்று. எட்டாவது, பிரஸ்ஸின் பின்கதவு சுவிட்சுக்கு. அந்த சுவிட்ச் இன்னும் வந்து சேரவில்லை. புரோகிராமில் மட்டும் எழுதி வைத்திருந்தான்: எட்டு எரிந்தால் பின்கதவு திறந்திருக்கிறது, வால்வை மூடு.

"இந்தப் பொட்டிகிட்ட பேசுறதுல பாதி பொண்டாட்டிகிட்ட பேசினா, ஒனக்கு நேரத்துக்குச் சோறு கெடைக்கும் மச்சான்" என்றான் யுகேந்திரன். எண்ணெய் ஒழுக்கு பார்க்கப் பிரஸ்ஸின் பின்பக்கம் போனான்.

மணி மூன்று. மழை பிடித்தது. தகரக் கூரையில் காது அடைக்கும் சத்தம்.

முதலாளி ஸ்ரீனிவாசன் போன் செய்தார். "இன்னிக்கு ஓடலன்னா, நாளைக்கு வேற ஆளு வருவான்லா."

நாச்சியப்பன் பட்டனை அமுக்கினான். ஏழும் பச்சை. டிக்... எட்டு எரிந்தது. வால்வு மூடிக்கொண்டது.

வயரே இல்லாத இடம் எப்படி எரியும்? ஈரமாக இருக்கும். துடைத்தான், ஊதினான். மீட்டர் வைத்துப் பார்த்தான். பூஜ்யம். திரையில் மட்டும் எட்டு எரிந்துகொண்டே இருந்தது.

இன்புட் கார்டையே மாற்றினான். மறுபடியும் டிக்.

"சனியனே!" பெட்டியை ஓங்கிக் குத்தினான். கைதான் வலித்தது. "யுகேன், இருக்கியா?"

"இருக்கேன்."

"சின்ன ஸ்பேனரைக் கொண்டாலா."

"இருக்கேன்."

"காது செவிடா ஒனக்கு?"

"இருக்கேன்."

யாரும் வரவில்லை. எரிச்சல் தலைக்கேறியது. லேப்டாப்பை இழுத்தான். எட்டாவதை 'வேண்டாம்' என்று மாற்றினான். இனி கண்ட்ரோலர் எட்டைக் கேட்கவே கேட்காது.

"இறக்கப் போறேன்! வெளியதானே இருக்க?"

"இருக்கேன்."

பட்டனில் விரலை வைத்தான்.

டிக்...

எட்டு.

யாரும் கேட்காமலே எரிந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த மழையில், தான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. பதில் மட்டும் மெதுவாக வருகிறது...

காதுக்குப் பக்கத்தில்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினான். பின்கதவு திறந்து கிடந்தது.

பலகைக்கு நேர் கீழே மல்லாக்கப் படுத்திருந்தான் யுகேந்திரன். வாயில் டார்ச்.

காலைப் பிடித்து இழுத்துப் போட்டான்.

"பைத்தியமாலா ஒனக்கு?" டார்ச்சைத் துப்பிவிட்டுக் கத்தினான் யுகேந்திரன்.

"வெளிய இருக்கேன்னு சொன்னியேடா!"

"நானா? மழை தொடங்கினதிலேருந்து உள்ளதான் கெடக்கேன். மழை சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. யாருகிட்ட பேசின?"

நாச்சியப்பன் அவன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். இருவரும் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு, ரோட்டோரம் இருந்த நூஹு பாய் கடைக்கு நனைந்துகொண்டே ஓடினார்கள். கனகராஜ் என்ற பெரியவர் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ரப்பர் காலத்தில் அதே ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நடந்ததை அவரிடம் சொன்னார்கள்.

"பிரஸ்ஸை இறக்கும் முன்ன தண்டல் பேரு கூப்பிடுவாரு தம்பி" என்றார். "ஒருநாள் ஒருத்தன் கூட்டாளி பேருக்கு இவனே 'இருக்கேன்'னு கொரல் குடுத்துட்டான். எங்கயோ பீடி குடிக்கப் போயிருக்கான்னு நெனப்பு. ஆனா அவன் உள்ள ரப்பர் ஷீட்டு அடுக்கிக்கிட்டு இருந்தான். பிரஸ் எறங்கிருச்சு."

"கொரல் குடுத்தவரு?"

"அதுக்கப்புறம் வேற வார்த்தையே பேசல. என்னா கேட்டாலும் 'இருக்கேன்'தான். சாவுற வரைக்கும்."

நாச்சியப்பன் கிளாஸை மேசையில் வைத்தான். "உள்ள இருந்தவரு பேரு?"

"பேரு மறந்துபோச்சு தம்பி. பேரு கூப்பிடுறதுன்னாலும் அப்பல்லாம் நம்பர்தானே."

பெரியவர் ஒரு வாய் குடித்தார்.

"எட்டு."