கொம்பேறி மூக்கனுக்கு ஒரு புகை

நெய்வேலி டவுன்ஷிப்பில் மின்கம்பியை உரசும் கிளைகளைக் கழிப்பது ராஜாங்கத்தின் வேலை. பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள், இருபத்திரண்டு வருசமாக மரம் ஏறுகிறவர். ஏறும்போது மாட்டிக்கொள்ள இடுப்பு பெல்ட் கொடுத்திருக்கிறார்கள். அது வீட்டு ஆணியில் தொங்கும். கேட்டால், "கொம்பேறி மூக்கன் இன்னா, பெல்ட்டு போட்டுக்கினா ஏறுது?" என்பார். அப்படியொரு வீம்பு.

அந்தப் பாம்பின் மேல் மனுசனுக்குக் கிறுக்கு. குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் ஒன்று இருந்தது. விரல் தடிமன், மூன்று முழ நீளம், காய்ந்த சுள்ளியின் நிறம். காற்றில் கிளை ஆடினால் அதுவும் கூடவே ஆடும். உற்றுப் பார்த்தாலும் சுள்ளியென்றே தோன்றும். கோபம் வந்தால் கழுத்தை உப்பும், செதில்களுக்கு நடுவே நீலம் தெரியும். வயிற்றுச் செதில்கள் இரண்டு பக்கமும் மடிந்து விளிம்பு கட்டியிருக்கும். அந்த விளிம்பைப் பட்டையின் வெடிப்பில் கொடுத்து, செங்குத்தாக விறுவிறுவென்று ஏறிவிடும். ராஜாங்கம் தூக்குவாளியைத் திறக்க மறந்து பார்த்துக்கொண்டிருப்பார். "இந்த மரத்துல அதுதான் பர்மனென்ட்டு, நான் வெறும் கான்ட்ராக்ட்டு" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை சுள்ளியென்று நினைத்து அதன் மேலேயே கையை வைத்துவிட்டார். விரலில் ஒரு கடி. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்க வைத்துப் பார்த்து, விஷமில்லாத பாம்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மனைவி கலியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. கொம்பேறி மூக்கன் கடித்தால், ஆள் செத்தானா என்று மரத்தின் உச்சியில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைத் தேடுமாம். புகை தெரியாவிட்டால் திரும்ப வந்து கடிக்குமாம். ஊரில் அப்படியொரு பேச்சு. அவள் தம்பி சிங்காரவேல் கம்பும் கையுமாக வந்து நின்றான்.

"மாமா, ஞாயித்துக்கெழம போயி அத அடிச்சிப் போட்டுட்டு வரேன். அக்கா தூங்கவே மாட்டேங்குது."

ராஜாங்கம் எட்டி அவன் கம்பைப் பிடித்துக்கொண்டார். கையை வைத்தது இவர், அடிபட்டுச் சாகப்போவது அதுவா? இது என்ன நியாயம்?

"டேய், டேய்! அது தேடறது பொகையத்தான? ஒரு பொகையப் போட்டு வுடு. நான் செத்துட்டேன்னு அது பாட்டுக்குப் போயிடும். அடிக்காதடா."

கலியம்மாளும் அரைமனசாகத் தலையாட்டினாள்.

ஞாயிறு சாயங்காலம் வைக்கோல், வறட்டி, மாமாவின் பழைய காக்கிச் சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு சிங்காரவேல் சுடுகாட்டுக்குப் போனான். செத்தவர் வெளியே தலைகாட்டக் கூடாதாம். ராஜாங்கம் உள்ளே உட்கார்ந்து வறுத்த மல்லாட்டையை ஓடு உடைத்து, கடலையைத் தின்றுகொண்டிருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புகை எழும்பியது.

"அடேயப்பா, என் பொக நல்லா கறுப்பாத்தான் வருது!"

கலியம்மாள் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏ, இன்னா இது? நான் இங்கதான குந்திக்கினு இருக்கறேன்?"

"சிரிக்காதீங்க. பாம்பா பாத்துக்கினு இருக்குது? இருபத்திரண்டு வருசமா நீங்க வெறும் இடுப்போட மரம் ஏறப் போறீங்க. வூடு வந்து சேர்ற வரைக்கும், யாரு வந்து இன்னா சொல்லுவாங்களோன்னு நான்தாங்க தெருவப் பாத்துக்கினு இருக்கறேன்."

ராஜாங்கம் கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தார். இத்தனை வருசம் இது தெரியாமலா இருந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி மாட்டினார். கலியம்மாள் கிட்டே வந்து, முறுக்கியிருந்த வாரை நேராக்கிவிட்டாள்.

தூங்குமூஞ்சி மரத்தில் பாதி ஏறியதும் அது கண்ணில் பட்டது. வாயில் ஓணான். புகையையும் தேடவில்லை, இவரையும் தேடவில்லை. ராஜாங்கம் எதிர்க்கிளையில் கொக்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"உனக்குப் பிடிமானத்த வயித்துலயே வச்சி அனுப்பிட்டான் ஆண்டவன், ராசா. எனக்கு வைக்கல" என்று அதனிடம் சொல்லிவிட்டு, அது விழுங்கி முடிக்கும் வரை அரிவாளை எடுக்காமல் இருந்தார்.