எல்லாவற்றுக்கும் ஓம் என்ற பிள்ளை

யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை, என்னை நம்பி அனுப்பிய பிள்ளை, என் வீட்டுக் கட்டிலில் கை கால் குளிர்ந்து கிடந்தாள். போன மாரியில், மழை விடாமல் பெய்த ஒரு வியாழக்கிழமை அது.

சகோதரிகளே, எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மருதமுனையில் வீட்டோடு இருந்து அபாயா தைத்துக் கொடுக்கிறவள் நான். ஆனால் அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை மனதுக்குள் மூடி வைத்திருக்க முடியவில்லை. என்னுடைய பிழையையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். பிழையை மறைத்துவிட்டு உதவியை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சிதான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றி அனுப்பும் திட்டம் ஒன்றில் என் மகள் ஸஹ்லா ஜப்பானுக்குத் தெரிவானாள். ஆறு மாதம். அவள் அங்கே போய்த் தங்கிய வீட்டின் மகள்தான் எங்கள் வீட்டுக்கு வந்த ஹனா. அவளுக்குப் பதினேழு வயது. "மாத்துக் கலியாணம் கேள்விப்பட்டிரிக்கன். இதென்ன புள்ள, மாத்துப் புள்ளையா?" என்று பக்கத்து வீட்டுப் பௌசியா ராத்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொருத்தியின் பிள்ளை எங்களை நம்பி ஒப்படைத்த அமானிதம். எங்கள் பிள்ளை அவள் கையில் அமானிதம். அந்தப் பாரம் ஹனா வாசலில் செருப்பைக் கழற்றிய அன்றே என் தலையில் ஏறிவிட்டது.

பேரைக் கேட்டவர்கள் எல்லாம், "நம்மட பேராச்சே! முஸ்லிமா?" என்றார்கள். இல்லை, ஜப்பானிலும் அப்படி ஒரு பேர் உண்டாம். பூ என்று அர்த்தமாம். நல்ல பிள்ளை. வந்த கிழமையே கையால் பிசைந்து சாப்பிடப் பழகிவிட்டாள். மீன் முள்ளை என் கணவரை விடச் சுத்தமாக எடுப்பாள். பாங்கு கேட்டால் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு முடியும்வரை பேசாமல் இருப்பாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழில் அவள் முதலில் பிடித்துக்கொண்ட சொல் 'ஓம்', ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற சொல். உப்பு உறைப்பு காணுமா என்றால் ஓம். நித்திரை வந்ததா என்றால் ஓம். மாமி வீட்டுக்கு வாறாயா என்றாலும் ஓம். "எவ்வளவு அடக்கமான புள்ள!" என்று ஊரே மெச்சியது. நானும் மெச்சினேன்.

மற்றப்படி எங்களுக்குள் போன்தான் மொழிபெயர்த்தது. நான் தமிழில் சொன்னால் போன் ஜப்பான் மொழியில் சொல்லும். ஆனால் அந்தப் போனுக்கு எங்கள் ஊர்த் தமிழ் விளங்காது. அவள் முகம் வாடியிருக்கிற நேரமெல்லாம் நான் போனை நீட்டி, "என்னோட கதை மகள்" என்பேன். என்னோடு பேசு என்று சொல்லத்தான். அது 'என்னுடைய கதை, மகளே' என்று மாற்றிச் சொல்லியிருக்கிறது. மாமி தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்து, அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருக்கும். நானும் அவள் கதைப்பாள் என்று காத்திருப்பேன். இப்படியே இரண்டு பேரும் எத்தனை தரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருப்போமோ! இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹனாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. மழைக்காலம், ஊர் முழுக்க டெங்கு. திங்கட்கிழமையே டொக்டரிடம் கொண்டு போனோம். இரத்தம் பார்த்துவிட்டு அவர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: "காய்ச்சல் விட்டதெண்டு சும்மா இரிக்க வேணாம். விட்ட பிறகுதான் கவனம். வாந்தி, வயித்து வலி, சலம் போறது குறையிறது, இதில எது வந்தாலும் உடனே கொண்டு வாங்க."

நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று நினைத்தேன். வியாழன் காலையில் காய்ச்சல் விட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"வாந்தி ஒண்டும் இல்லதானே?"

"ஓம்."

"வயித்து நோவு இல்லதானே மகள்?"

"ஓம்."

"ஒண்டுக்குப் போனயா?"

"ஓம்."

"கஞ்சி குடிச்சயா?"

"ஓம், மாமி."

யோசித்துப் பாருங்கள். நான் கேட்ட கேள்வி எல்லாமே ஓம் என்ற பதிலை வாங்குவதற்காகவே கேட்ட கேள்வி. பயந்த மனுசி அப்படித்தான் கேட்பாள். ஓம் கிடைத்ததும் நிம்மதியாகத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு பிழையும் செய்தேன். ஹனாவின் தாய் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் படம் ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்பார். காய்ச்சல் என்று சொல்ல எனக்கு வெட்கம். என்னிடம் தந்த அமானிதத்தை நோயாக்கிவிட்டேன் என்று நினைப்பாரே என்ற பயம். ஞாயிறிலிருந்து நாலு நாளும் பழைய படங்களைத்தான் அனுப்பினேன். கடற்கரையில் சிரித்தது, பௌசியா ராத்தா வீட்டில் வட்டிலாப்பம் சாப்பிட்டது. ஸஹ்லாவிடமும் சொல்லவில்லை. என் கணவர், "இது சரியில்ல புள்ள, செல்லிப் போடு" என்று ஒரு தரம் சொன்னார். "சுகமாகட்டும், மறுகா செல்லுவம்" என்று நான்தான் தட்டிவிட்டேன்.

பகல் லுஹர் தொழுதுவிட்டு அறைக்குப் போனேன். ஹனா சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு கிடந்தாள். கையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. காலும் அப்படித்தான். முகம் வெளிறிக் கிடந்தது. "ஹனா, சுகமா மகள்?" என்றேன். கண்ணைத் திறக்க முடியாமல் திறந்து, "ஓம்" என்றாள். சகோதரிகளே, அந்த ஓமைக் கேட்டு எனக்கு உயிர் போய்விட்டது. அதுவரை அவள் சொன்ன ஓம் எல்லாம் என்ன ஓம் என்று அப்போதுதான் நெஞ்சில் இடித்தது.

கல்முனையில் கடையில் இருந்த கணவருக்குப் போன் எடுத்தேன். அவர் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தார், ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். றோட்டெல்லாம் தண்ணீர்.

வாட்டில் இருந்த இளம் டொக்டர் அம்மா பிரஷரைப் பார்த்ததும் முகம் மாறினார். சேலைன் ஏற்றினார்கள். அவர் என்னைத்தான் கேட்டார், எத்தனை மணிக்குக் காய்ச்சல் விட்டது, எத்தனை தரம் வாந்தி, கடைசியாக எப்போது சலம் போனது, எவ்வளவு குடித்தாள், இரத்தம் ஏதும் கசிந்ததா என்று. "இது தெரிஞ்சாத்தான் எவ்வளவு ஏத்தலாம் எண்டு எங்களுக்குப் பார்க்கலாம். கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையில் கேட்டேன், எல்லாம் ஓம் என்றாள் என்றேன். அவர் ஹனாவிடமே இங்கிலீசில் கேட்டார். எல்லாவற்றுக்கும் யெஸ். வாந்தியா, யெஸ். வாந்தி இல்லையா, அதுக்கும் யெஸ். டொக்டர் அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

போனை எடுத்து, "என்னோட கதை மகள், அல்லாவுக்காக என்னோட கதை" என்று கெஞ்சினேன். போன் ஏதோ சொன்னது. பிள்ளை காத்திருந்தாள். பிறகு கண்ணை மூடிவிட்டாள்.

பிள்ளைகளை மாற்றி அனுப்பிய திட்டத்தின் பொறுப்பாளருக்கு என் கணவர் அறிவித்தார், அவர் கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார். கொழும்பிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் தூரம் உங்களுக்குத் தெரியும். என் கணவர் நடையில் அங்குமிங்கும் நடந்தார்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னது. வாட்டுக்கு வெளியே ஒரு மூலையில் ஷோலை விரித்துத் தொழுதேன். ஸஜ்தாவில் தலை வைத்தபின் எழும்ப முடியவில்லை. ஸஹ்லா போன பிறகு அந்த மூன்று மாதமும் நான் கேட்ட துஆவெல்லாம் அவளுக்காகவே கேட்டது. யா அல்லாஹ், என்ட புள்ளையப் பாதுகாத்துத் தா, என்ட புள்ளைக்குக் குளிர் தாங்கவை, என்ட புள்ளைக்கு ஹலாலான சாப்பாடு கிடைக்கச் செய். ஹனாவுக்கு என்று ஒரு தரம் கூடக் கையேந்தியது எனக்கு நினைவில்லை. வெட்கமாக இருந்தது. அன்றைக்கு ஸஹ்லாவின் பேர் என் வாயில் வரவில்லை. "யா ரப்பே, எனக்கு ஒண்டும் ஏலாது. இந்தப் புள்ளைட வாயத் திறந்து விடு" என்று அதை மட்டும்தான் கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தேன், போன் அடித்தது. ஸஹ்லா.

அவள் வெள்ளிக்கிழமையில்தான் எடுப்பாள். அது வியாழன். "ஏனெண்டு தெரியா உம்மா, எடுக்கணும் போல கிடந்திச்சி" என்றாள். நான் ஓவென்று அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன், படங்களையும் சேர்த்து.

"உம்மா, இஞ்ச ஆக்கள் 'ஹை' எண்டு செல்லுவாங்க. அதுக்கு ஓம் எண்டும் அர்த்தம். ஆனா எந்நேரமும் ஓம் இல்ல. நீங்க செல்றது கேக்குது எண்டும் அர்த்தம். அவ ஒங்களுக்கு மரியாதைக்கித்தான் ஓம் போட்டிரிக்கா."

"அப்ப நான் என்ன மகள் செய்ற?"

"போன அவட கையில குடுங்க. நான் அவட உம்மாவக் கூப்பிடுறன்."

அங்கே அது இரவுச் சாப்பாட்டு நேரம். அந்தத் தாயிடம் முகம் கொடுக்க எனக்குத் துணிவில்லை. நாலு நாள் பொய் சொன்ன மனுசி நான். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிற நேரமா அது? போனை ஸ்பீக்கரில் போட்டு ஹனாவின் காதோரம் பிடித்தேன். தாயின் குரல் கேட்டதும் பிள்ளையின் உதடு துடித்தது. பிறகு கதைத்தாள். அழுதழுது கதைத்தாள். அந்த மூன்று மாதத்தில் அவள் வாயிலிருந்து அவ்வளவு சொல் நான் கேட்டதில்லை.

தாய் கேட்டு ஸஹ்லாவிடம் சொல்ல, ஸஹ்லா எனக்குத் தமிழில் சொல்ல, நான் டொக்டர் அம்மாவுக்குச் சொன்னேன். விடியற்காலையிலிருந்து தாங்க முடியாத வயிற்று வலி. நாலு தரம் வாந்தி. எங்களுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் தானே குளியலறையைக் கழுவியிருக்கிறாள். சுபஹிலிருந்து சலம் போகவில்லை. பல் ஈறில் இரத்தம். கஞ்சியை ஒரு வாய்தான் குடித்தாள். டொக்டர் அம்மா எழுதி முடிக்கவும் இல்லை, ஆட்களைக் கூப்பிட்டார். ஹனாவை உடனே வேறு அறைக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு என் கையில் ஒன்றுமில்லை. இரண்டு நாள் கதவுக்கு வெளியே இருந்தேன். நேர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் எழும்புவேன், அவர் என்னைத் தாண்டிப் போவார், உட்காருவேன். அந்த இரண்டு நாளும் நான் மனுசியாக இல்லை. சனிக்கிழமை பின்னேரம்தான் டொக்டர் அம்மா வந்து, "இனிப் பயமில்ல. அந்த நேரம் அந்த விசயங்கள் தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்றார்.

அடுத்த நாள் கஞ்சி கொண்டு போய் ஊட்டினேன். பாதிக் கோப்பையில் ஹனா என் கையைப் பிடித்து நிறுத்தி, "வேணாம், மாமி" என்றாள். யாரிடம் கேட்டுப் படித்தாளோ! ஒரு பிள்ளை சாப்பாட்டை வேணாம் என்றதற்காக நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ருடைய ஸஜ்தா செய்தது அன்றைக்குத்தான்.

அவள் வீட்டுக்கு வந்து சில நாட்களின் பின் ஸஹ்லா வீடியோவில் எடுத்தாள். ஹனா என் பக்கத்தில் இருந்தாள். வழக்கம்போல ஸஹ்லாவிடம், "சுகமா இரிக்கயா?" என்று கேட்டேன். "ஓம் உம்மா" என்றாள். முந்தி என்றால் உடனே அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். அன்றைக்குப் போகவில்லை. பேசாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல உம்மா" என்றாள். "சுகமில்ல." பள்ளிக்கூடத்தில் கதைக்க ஒருவருமில்லையாம். பகல் சாப்பாட்டைத் தனியாகவே சாப்பிடுகிறாளாம். குளிரில் ஒவ்வொரு நாளும் போர்வைக்குள் அழுகிறாளாம். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஹை, ஹை என்றே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். என் பிள்ளை. நான் பெற்ற பிள்ளை. திரையைத் தடவினேன், அதைத் தவிர எனக்கு என்ன செய்ய முடியும்?

ஹனா என் கையிலிருந்து போனை வாங்கினாள். தன் தாயைக் கூப்பிட்டு வேகமாக ஏதோ சொன்னாள். அந்தப் பெண் ஏப்ரனோடு ஓடி வந்து ஸஹ்லாவின் பக்கத்தில் தரையில் இருந்து, அவளைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். என் மகள் அந்த மடியில் விழுந்து அழுதாள். நான் இங்கே மருதமுனையில் இருந்து பார்த்து அழுதேன்.

இப்போது நான் கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகிக்கொண்டேன். பிள்ளைகளிடமும், கணவரிடமும், துணி தைக்க வருகிறவர்களிடமும். என் துஆவும் மாறிவிட்டது. கையை ஏந்தினால் முதலில் ஹனாவின் பேர்தான் வருகிறது. அவள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் அப்படித்தான்.

சகோதரிகளே, ஒன்றும் ஏலாத நேரம் உங்களுக்கும் வரும். வெட்கப்படாமல் அவனிடம் கேளுங்கள். இன்றைக்கு உங்கள் கையில் யாருடைய பிள்ளை இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்காக முதலில் கேளுங்கள். உங்கள் பிள்ளை யாருடைய கையில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.