பாலில் விஷம் கலந்தவளின் முகம்

என் மேசை மேல் பச்சைப் பிளாஸ்டிக் சட்டம் போட்ட கைக்கண்ணாடி ஒன்று கிடக்கிறது. விளிம்பில் இந்தியன் இங்க் காய்ந்து கறையாகிவிட்டது. விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே வளையல் கடையில் வாங்கியது. தலை வாருவதற்கு அதை நான் எடுத்ததே இல்லை. எண்பதுகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆளை உட்காரவைத்து வரைய வசதியில்லாத என் போன்றவர்களுக்குக் கண்ணாடிதான் கதி. கதையில் யாராவது அழுதால் நாமும் அதன் முன் அழ வேண்டும், பல்லைக் கடித்தால் கடிக்க வேண்டும். மூக்கையும் தாடையையும் இஷ்டத்துக்கு மாற்றிவிடலாம், பார்வையை மட்டும் நம் முகத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

சம்பளம் கொடுத்தது திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளி. நான் அங்கே ஓவிய ஆசிரியை, தினமும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் போய் வருவேன். பத்திரிகைக்கு வரைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுப் பரிந்துரைத்தால்தான் அது கிடைக்கும். அவர் மறுத்தால் வேலை அல்லது படம், இரண்டில் ஒன்றை விட வேண்டியதுதான். படத்தை விட்டால் செத்தே போவேன் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அது மிகை என்று தோன்றவில்லை. அதனால் அவர் எதைச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம். “சாப்ட்டீங்களா டீச்சர்?” என்று கேட்டால்கூட, மதிய இடைவேளையில் பத்திரிகைக்கு வரைகிறேனா என்று வேவு பார்ப்பதாகவே பட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு மர்மத் தொடர் வந்தது. பெரிய வீட்டு அத்தை ஒருத்தி பாலில் விஷம் கலந்து கொடுக்கிறாள். ஐம்பது வயது, கொண்டை, கறுப்புச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி என்று எழுதியவரே குறித்திருந்தார். ஓவிய அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைக்கண்ணாடியைப் பிடித்து, ஒற்றைப் புருவத்தை உயர்த்தி, கடைக்கண்ணால் முறைத்து வரைந்தேன். சில வாரங்களில் ரயிலில் என் எதிர் சீட்டுப் பெண்கள் மல்லாட்டையை உரித்துக் கடலையைக் கொறித்தபடி அந்தப் படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

“இவ பாக்கற பார்வைய பாரேன். இவதான் வெசம் வெச்சிருப்பா.”

“ஏய், நம்ம பொண்ணுங்க ஸ்கூலு எச்செம்மு மாதிரியே இல்ல?”

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் தலைமையாசிரியைக்கும் அதே கொண்டை, அதே மூக்குக்கண்ணாடி என்பதால், அதற்குள் பள்ளியிலும் அந்தப் பேச்சு பரவிவிட்டது. அவர் வராந்தாவில் நடந்து போனதும் பிள்ளைகள் ‘வெச அத்தை’ என்று சொல்லி வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருநாள் பள்ளி ஆயா என்னிடம் வந்தாள். “டீச்சர், எச்செம்மு உங்களப் பத்தி விசாரிச்சிக்கினே இருக்காங்க. கதவ சாத்திக்கினு கண்ணாடியே பாத்துக்கினு கெடக்கறீங்களாம். எதுக்குன்னு கேக்கறாங்க.” இவளேதான் கோள் சொல்லியிருப்பாள் என்று அவளையும் சந்தேகப்பட்டேன். மறுநாளிலிருந்து தலைமையாசிரியை என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். நான் பூசணிக்காயும் மண்பானையும் வரையச் சொல்லிக்கொடுப்பேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அனுமதிக் காகிதத்தோடு அவர் அறைக்குப் போன அன்று மேசையில் அந்தப் பத்திரிகை விரித்துக் கிடந்தது.

“இது நான்தான?”

“இல்லீங்கம்மா. நான்.”

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் புருவத்தை உயர்த்தி முறைத்துக் காட்டினேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அட ஆமா,” என்றார் மெதுவாக. “தெனம் காலையில உள்ள வரும்போது என்னைய இப்பிடித்தான் பாக்கற. நான் என்னாம்மா பண்ணேன் உனக்கு?”

அவர் கண்ணாடியை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார். “எனக்கு வருதா பாப்போம்.” வரவில்லை. இரண்டு புருவமும் சேர்ந்தே ஏறின. முறைக்க முறைக்க, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட தாயின் முகம்தான் வந்தது. “பசங்க என்னான்னு கூப்புடறாங்கன்னு எனக்கும் காதுல வுழுதும்மா,” என்றபடி கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, எனக்கு எதிராக ஏதும் எழுதியிருக்கிறாரா என்று அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த தொடரில் ஒரு நல்ல அம்மா வந்தாள். கண்ணாடி முன் எத்தனை முயன்றும் அந்தப் பார்வை எனக்கு அமையவில்லை. கடைசியில், அன்று முறைக்கத் தெரியாமல் தோற்றுப்போன முகத்தை நினைவிலிருந்து வரைந்தேன். அதே கொண்டை, அதே மூக்குக்கண்ணாடி, இடது கன்னத்து மருவைக்கூட விடவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கதையில் நல்ல அம்மா வந்தாலும் அவர்தான். ரயிலிலும் பள்ளியிலும் அவரை ஒருவரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

தலைமையாசிரியை ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் போட்ட மாலையோடு ஓவிய அறைக்கு வந்தார். மேசையில் கிடந்த பத்திரிகையைப் பார்த்து, “இந்தம்மா மொகம் நல்லா இருக்குது. யாரப் பாத்து போட்ட?” என்று கேட்டார்.

“உங்களத்தாங்கம்மா,” என்று கண்ணாடியை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. “போம்மா, கிண்டல் பண்ணாத,” என்று நடந்துவிட்டார்.

இப்போது விழுப்புரத்தில் என் வீட்டு மாடியில் குழந்தைகளுக்கு வரையச் சொல்லித்தருகிறேன். அழைத்துப்போக வரும் அம்மாக்கள் கதவோரம் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். குறை கண்டுபிடிக்கத்தான் என்று உடனே தோன்றுகிறது. கண்ணாடியை எடுத்தால், ஒற்றைப் புருவம் ஏறியே இருக்கிறது.